நீவெஸ் சொன்ன மாந்தி

ஊரில் நீவெஸ் தொனுத்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளோடு பழகித் தெரிந்துகொண்டதல்ல அது, அவள் தம்பி எழுதிய நாவலைக் கொண்டு தெரிந்துகொண்டது. ஒரு பெண்ணுக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்? ஐம்பத்தேழு வருஷம் ஒரே ஊரில் தலை நிமிராமல் உழைத்தவளை, ஒரு புத்தகத்தின் கடைசி நான்கு பக்கத்தை வைத்து ரொட்டிக்கடையில் எடை போட்டார்கள். எழுத்தாளனுக்கு அக்காவாகப் பிறந்தால் இதுதான் கதி.

இத்தாலியில் உதினேக்குக் கிழக்கே நாற்காலி செய்தே பிழைக்கும் ஊர்களில் ஒன்று அது. ஆண்கள் ஆலையில் மரம் அறுப்பார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கோரையை முறுக்கி நாற்காலிகளுக்கு இருக்கை பின்னுவார்கள். நீவெஸ் பதினான்கு வயதில் கோரையைக் கையில் எடுத்தாள். பெல்ஜியத்துக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. ஒரு கடிதமும் அவருடைய கைக்கடிகாரமும்தான் திரும்பி வந்தன. மூன்று வயது இளையவன் எல்வியோ. நன்றாகப் படிப்பான். படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்றாள் அம்மா ஒனொரீனா. படிக்காத பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை, நீவெஸும் கேட்கவில்லை. ஈரக் கோரையை முறுக்கி முறுக்கி இருபது வயதுக்குள் அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. எல்வியோ அதற்குள் தூரினோவுக்குப் போய் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருந்தான். எட்டு வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தாள். களியைக் கரைத்து ஊட்டுவது, புரட்டிப் போடுவது, துணி மாற்றுவது, நடுவில் பின்னல் வேலை. தரையில் கல் பதிக்கிற தர்ச்சீசியோ என்பவன் கனடாவுக்குப் போகிறேன், கூட வருகிறாயா என்று கேட்டான். "எங்கம்மாவ மூட்டை கட்டி எடுத்துக்கிட்டா?" என்று சிரித்தபடி கேட்டாள் நீவெஸ். அவன் சிரிக்கவில்லை. போய்ச் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினான், அவ்வளவுதான்.

இனி அந்த நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, பிப்ரவரி மாதம். இதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை ஏற்கெனவே ஒருவன் தப்பாகச் சொல்லிவிட்டான்.

வீடு சின்னது. கீழே அடுப்படி, மேலே அம்மாவின் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத்தளம். மேலே போக வெளிப்பக்கமாக மரப்படி. அன்று மதியம் நீவெஸ் பின்னி முடித்த இருக்கைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தாள். மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்த எல்வியோ ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். வந்தவன் மேலே போகவில்லை. அக்கா மேலே அம்மாவோடு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பயம். உருக்குலைந்து கிடக்கும் தாயைப் பார்க்கிற தைரியம் எல்லாருக்கும் வந்துவிடாது.

நீவெஸ் திரும்பி வந்து நேராக வெளிப்படியில் ஏறினாள். கதவைத் திறந்து, "மாந்தி, அம்மா" என்றாள். குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்தினாள்.

எங்கள் பக்கத்தில் மாந்தி என்பது வந்தவரும் சொல்வது, போகிறவரும் சொல்வது. உள்ளே நுழைந்தாலும் மாந்தி, கிளம்பினாலும் மாந்தி. கீழே இருந்த எல்வியோ அதைக் கேட்டான், கதவுச் சத்தத்தையும் கேட்டான். அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று முடிவுகட்டினான். வீட்டில் தானும் அந்த உடம்பும் மட்டும்தான் என்று நினைத்ததும் அவனுக்கு மூச்சு முட்டியது. கழுத்துத் துணியைக்கூட நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஒயின் கடைக்குப் போய்விட்டான்.

மேலே அம்மா கண் திறந்தாள். "கீழ இருமினது எல்வியோதானே? கூப்பிடு" என்றாள். நாக்கு குழறும், ஆனால் நீவெஸுக்கு அது எட்டு வருஷப் பழக்கம். அவள் படியிறங்கி ஓடினாள். அடுப்படியில் நீலக் கழுத்துத் துணி இருந்தது, பாதி குடித்த காப்பி இருந்தது, தம்பி இல்லை. தெருவில் இறங்கித் தேடலாமா என்று ஒரு கணம் நின்றாள். மேலே அம்மாவின் மூச்சு இழுக்கிற சத்தம் தரைப்பலகை வழியாகக் கேட்டது. திரும்பி ஏறினாள். "வந்துட்டே இருக்கான்மா" என்றாள். அம்மா இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதே பதில். முக்கால் மணி நேரத்தில் அம்மா அவள் மடியில் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் கண்ணை மூடிவிட்டு நீவெஸ் பாதிரியாரை அழைக்கச் சைக்கிளை எடுத்தாள். அவர் வெளியே போயிருந்தார். காத்திருந்து, சொல்லிவிட்டுத் திரும்பியபோது எல்வியோ கட்டிலருகே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். "அக்கா, தனியா செத்துப் போயிருக்கா. பக்கத்துல யாருமே இல்லாம" என்றான். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். உன்னை மூன்று தடவை கேட்டாள் என்று இவனிடம் எந்த வாயால் சொல்வது? தனியாகச் செத்தாள் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"ம்" என்றாள்.

அந்த ஒரு "ம்"மையும் காதில் விழுந்த ஒரு மாந்தியையும் வைத்துக்கொண்டு இருபத்து நான்கு வருஷம் கழித்து எல்வியோ ஒரு நாவல் எழுதுவான் என்று அவள் கண்டாளா என்ன? நாவலில் பெயர்களை மாற்றியிருந்தான். பெயரை மாற்றினால் ஊருக்குத் தெரியாதா! கடைசி அத்தியாயத்தில் தாய் சாகக் கிடக்கிறாள். எட்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சலித்த மகள் கதவருகே நின்று விடைபெறுகிறாள். "வார்த்தையை இழுக்கக்கூட இல்லை. வெடுக்கென்று ஒரு மாந்தி. கதவு சாத்திக்கொண்டது" என்று எழுதியிருந்தான். மிலானோவில் அந்த வரிக்காகவே பரிசு கொடுத்தார்கள். ஊரில் படித்தவர்கள் பத்துப் பேர், பேசியவர்கள் ஊர் முழுக்க. நீவெஸ் ரொட்டிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தாயைச் சாக விட்டுவிட்டுப் போனவள். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. கடைக்காரி டிர்ச்சே மட்டும் எதையும் நேராகவே சொல்கிறவள்.

மூன்று வருஷம் கழித்து அந்த நாவலைப் படமாக எடுக்க ரோமிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"என்னடி நீவெஸ், உன்னைப் பத்திப் படமாமே" என்றாள் டிர்ச்சே, ரொட்டியைத் தாளில் சுற்றியபடி. "உன் வேஷத்துக்கு ஒரு அழகியக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உன் மூக்குக்கு எங்க போவாங்க?"

"கேட்டா கழட்டிக் குடுக்கறேன். எனக்கு இனிமே எதுக்கு?"

"அவளுக்கு நம்ம பேச்சு கத்துக்குடுக்க உன்னைத்தான் கூப்பிட்டிருக்காங்களாமே? நல்லா கத்துக்குடு. கதவைச் சாத்திட்டுப் போறதையும் சேர்த்து."

நீவெஸ் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பதில் இல்லாமல் இல்லை. பதில் சொல்லச் சொல்ல இன்னும் நான்கு கேள்வி வரும், அதற்கெல்லாம் நிற்க அவள் காலில் தெம்பில்லை. மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன, தூக்கம் போய் வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனால் ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. புத்தகம் பத்துப் பேர் படித்தது. படம் ஊரே பார்க்கப்போவது. தாயை விட்டுப் போனவளாகவே இனி தன்னை மண்ணில் இறக்குவார்கள். நான் போகவில்லை, வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தம்பி அடுத்த கேள்வியைக் கேட்பான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்வியோ படத்துக்கு வசனம் எழுத வந்து அவள் வீட்டிலேயே தங்கியிருந்தான். ஐம்பத்து நான்கு வயது, தலை முழுக்க நரை. அவனிடம் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அந்தக் கடைசிக் காட்சிய எடுத்துடேன்டா."

"எதை?"

"கதவைச் சாத்திட்டுப் போறாளே, அதை."

எல்வியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, கதையே அதுலதான் உக்காந்திருக்கு. அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? நான் உன்மேல குத்தம் சொல்லலியே. எட்டு வருஷம் பாத்தவ ஓய்ஞ்சு போயிட்டா, அதான் கதை. படிச்சவங்க உனக்காக அழறாங்க."

"அவங்கள யாரு அழச் சொன்னா?" என்றாள் நீவெஸ். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வறுத்ததில் இன்னொரு துண்டை அவன் தட்டில் வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மனசு ஆறவில்லைதான், ஆனால் ஆறிப்போன தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாத்திரம் யார் கழுவுவது?

நடிகையின் பெயர் லாவினியா. முப்பத்தெட்டு வயது, திரையில் முப்பது. படப்பிடிப்புக்குப் பிடித்த வீடு ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. அதே அடுப்படி, மேலே அறை, வெளிப்பக்கம் மரப்படி. முதல் நாள் நீவெஸ் அதைப் பார்த்ததும் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். லாவினியா நல்ல பெண்தான், சும்மா சொல்லக் கூடாது. காலையில் நான்கு மணிக்கு எழுந்து முகத்துக்குப் பூச்சுப் போட்டு, நாள் முழுக்கக் குளிரில் நின்று, அவளும் நொந்துதான் போயிருந்தாள்.

"சிஞோரா நீவெஸ், மத்ததெல்லாம் வந்துடுது. இந்த மாந்தி மட்டும் வரவே மாட்டேங்குது. நான் சொன்னா ரோம்ல நாங்க ச்சாவ் சொல்ற மாதிரியே இருக்கு."

"போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டுக்கும் வேற வேறயா?"

"எழுதினா ஒண்ணுதான். வாயில வேற." நீவெஸ் சொல்லிக் காட்டினாள். "போறப்ப முன்னால இழுப்போம். மா...ந்தி. விட மனசில்லாத மாதிரி. வர்றப்ப இழுக்க மாட்டோம். சட்டுனு வரும், கடைசில கொஞ்சம் மேல ஏறும். வீட்டுல யாருன்னு கேக்கற மாதிரி."

லாவினியா காகிதத்தைப் பார்த்தாள். "எனக்கு இங்க இழுக்காமன்னு எழுதியிருக்கே. ஆனா போறவள்னும் எழுதியிருக்கே."

நீவெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷமாக ஊரில் ஒருவருக்கும் தோன்றாதது இந்த ரோம்காரிக்குத் தோன்றிவிட்டது. அச்சில் ஏறின எழுத்துக்குக் குரலேது? இழுக்காத மாந்தி என்று படித்ததும் எல்லாரும் கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்தார்கள். இழுக்காவிட்டால் அது வருகிறவள் சொல்வது என்று எவளுக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கே ஒன்பது வருஷம் தூரினோவில் இருந்து காது மரத்துப்போயிருந்த தம்பிக்கும் உறைக்கவில்லை.

அந்தக் காட்சியை எடுக்கிற நாள் வந்தது. கேமரா கீழே அடுப்படியில், தம்பி வேஷக்காரனின் முகத்துக்கு நேரே. மகள் திரையில் தெரியப்போவதில்லை. மேலிருந்து குரலும் கதவுச் சத்தமும் மட்டும் கேட்க வேண்டும். இயக்குநர் பன்னிரண்டு தடவை எடுத்தார். லாவினியா சொன்னது ஒவ்வொரு தடவையும் கோபமாக விழுந்தது.

"கோபம் வேண்டாம்!" என்று கீழேயிருந்து கத்தினார் இயக்குநர். "சாதாரணமா சொல்லுங்க! அந்தம்மாவ ஏத்திவிடுங்கப்பா, ஒரு தடவை சொல்லிக் காட்டட்டும்."

நீவெஸ் மரப்படியில் ஏறினாள். பதினாறு படி. ஒவ்வொன்றிலும் மூட்டு முனகியது. கையால் கதவைத் தள்ளினாள். கட்டிலில் ஒரு வயதான நடிகை, கழுத்து வரை கம்பளி, வாய் ஒரு பக்கமாகக் கோணியபடி. ஜன்னல் வழியாக அதே பிப்ரவரி வெளிச்சம். நீவெஸுக்கு நடிகையும் இல்லை, படமும் இல்லை. ஆலைக்குப் போய்விட்டு வந்த அலுப்பு மட்டும் இருந்தது. யாரும் சொல்லாமல் வார்த்தை தானாக வந்தது.

"மாந்தி, அம்மா."

உள்ளே வந்து, குளிர் நுழையாமல் கதவைச் சாத்தினாள்.

"இதுதான்!" என்று கீழே கத்தல். "லாவினியா, அப்படியே! அதே மாதிரி!"

லாவினியா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நீவெஸ் அதைக் கவனிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கம்பளியை அந்த நடிகையின் பாதத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். கை பழக்கம். நிமிர்ந்தபோது கதவைத் திறந்துகொண்டு எல்வியோ நின்றான். அவன் அதுவரை கீழே அடுப்பருகே நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் அக்காவையும் அவள் சாத்தி, தான் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே இயக்குநரிடம் போய் அந்தக் காட்சி வேண்டாம் என்று கெஞ்சினானாம். "நேத்து வரைக்கும் இதுதான் உயிர்னு சொன்னது நீதானே எல்வியோ? இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்வியோ மறுநாளே தூரினோவுக்கு ரயில் ஏறினான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. இப்படியே ஏழு மாதம் போனது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோவில் கொட்டகையில் ஊருக்கென்று தனியாகப் படத்தைப் போட்டார்கள். நீவெஸ் வராமல் இருந்திருக்கலாம். வராவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு. கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள். எல்வியோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முன்னால் டிர்ச்சே, அவள் பக்கத்தில் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெலிந்தோ கிழவர்.

கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க அடுப்படி, தலையைக் கையில் தாங்கிய தம்பி. கொட்டகையில் ஒரு சத்தமில்லை. ஊரே அந்தக் கதவுக்காகத்தான் காத்திருந்தது. நீவெஸ் தன் வளைந்த கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலிருந்து லாவினியாவின் குரல் கேட்டது. சட்டென்று, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி. "மாந்தி, அம்மா."

"மாந்தி" என்றார் ஜெலிந்தோ கிழவர் இருக்கையிலிருந்தே.

யாராவது வீட்டுக்குள் வந்தால் பதில் சொல்வது போல, யோசிக்காமல் சொல்லிவிட்டார். இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது, அடங்கிய விதமே வேறாக இருந்தது. திரையில் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

"அடியே" என்றாள் டிர்ச்சே, யாரிடம் என்று இல்லாமல். "இவ போகலியே. இவ வந்திருக்கா!" அவள் உடம்பை முழுதாகத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். "நீவெஸ்... அன்னைக்கு நீ வந்தியா?"

எத்தனை தலைகள் திரும்பின! மூன்று வருஷமாக நீவெஸ் எதற்கு ஏங்கினாளோ அது வந்து எதிரே நின்றபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை; பெரிய மூட்டையை இறக்கி வைத்தவளுக்குத் தோள் வலி தெரிய ஆரம்பிப்பது போல, உடம்பு முழுக்க வலித்தது.

"படத்தைப் பாருடி" என்றாள்.

டிர்ச்சே திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் படம் முடியும்வரை முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. ஆட்கள் வழிவிட்டார்கள், ஒருத்தி அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அக்காவும் தம்பியும் ஆற்றங்கரைப் பாதையில் மெதுவாக நடந்தார்கள், அவள் மூட்டுக்குத் தகுந்தாற்போல. பாலத்தில் எல்வியோ நின்றான்.

"நீ வந்திருக்க. அம்மாகூட இருந்திருக்க."

"ஆமா."

"நான் கீழதான் இருந்தேன் அக்கா. ஏன் என்னைக் கூப்பிடல?"

நீவெஸ் தண்ணீரைப் பார்த்தாள். நாற்காலி மேல் கிடந்த நீலக் கழுத்துத் துணி நேற்றுப் பார்த்தது போல இருந்தது.

"நீ வந்ததே எனக்குத் தெரியாதுடா. மறுநாள்தானே வர்றேன்னு சொல்லியிருந்த."

அவன் தலையை ஆட்டினான். கேட்க வந்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். ஏழு மாதம் தூரினோவில் அதைச் சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறான், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

"இல்லடா. தூங்கிட்டிருந்தா. தூக்கத்துலயே போயிட்டா."

எல்வியோ பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். ஐம்பத்து நான்கு வயது மனிதன் சின்னப் பையன் மாதிரி அழுதான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் இன்னொன்றும் கேட்டான்.

"அம்மா தனியா செத்துட்டான்னு நான் சொன்னப்ப, ம்னு சொன்னியே. இருபத்தேழு வருஷம். புத்தகம் வந்தப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் அக்கா சொல்லல?"

"களைப்பா இருந்துச்சுடா" என்றாள் நீவெஸ்.

அன்று அவன் கேட்ட மூன்று கேள்விக்கு அவள் சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் உண்மை.